கைக்கறைக்கு வெந்நீர்

செத்துப்போனவளோடு சண்டை போட முடியாது என்று யார் சொன்னது? நான் போட்டேன். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து போட்டேன். என்ன ஒன்று, அவள் திருப்பிப் பேசமாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அவள் என் வீட்டுக்காரரின் மூத்த மனைவி. ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது மிளகு இடுப்புப் பிள்ளை. மிளகு என்பது எங்கள் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர். ஆள் சிறிசு, காரம் ஜாஸ்தி. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் நான் இந்த வீட்டுக்குள் வந்தேன். தலை வாரிவிட்டதும் நான்தான், காய்ச்சலுக்குக் கண் விழித்ததும் நான்தான். அவளும் என்னை ஒரு குறை சொன்னதில்லை. "சித்தி, சாப்பிட்டீங்களா?", "சித்தி, போயிட்டு வரேங்க." அத்தனை மரியாதை. வீட்டுக்கு வந்த டீச்சரிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஊறுகாயா போட முடியும்?

முன்னறையில் ஒரு திரை தொங்குகிறது. எல்லார் வீட்டிலும் டிவி இருக்கிற இடத்தில் எங்கள் வீட்டில் அதுதான். என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். எடுத்த படத்தைப் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் போட்டுக் காட்ட ஒரு ப்ரொஜெக்டர் வைத்திருக்கிறார். அதற்கான திரையை மூத்தவள் தன் கையால் தைத்தாளாம். கெட்டியான வெள்ளைத் துணி. வெளிச்சம் பின்னால் போகாமல் இருக்கப் பின்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு. சுற்றிலும் கறுப்புக் கரை. மேலே கம்பு நுழைக்க ஒரு மடிப்பு. கேமராக்களும் ஒயர்களும் அடுக்கிய இரும்பு அலமாரியை மறைத்துக்கொண்டு அது தொங்கும். அலமாரிக்கும் திரைக்கும் நடுவே ஓர் ஆள் ஒண்டி நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

மிளகின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தத் திரையில் அவள் அம்மா வருவாள். சின்ன வீடியோதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று ஏதோ பேசுவாள். பேச்சு கேட்காது, அவர் அதன் மேல் ஒரு வயலின் இசையைப் போட்டு வைத்திருந்தார். வயலின் ஆரம்பித்ததும் நான் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். ஒரு தடவைகூட அதை நான் முழுசாகப் பார்த்ததில்லை. ஊரான் வீட்டுக் கல்யாணப் பெண்ணையெல்லாம் ஓடி ஓடிப் படம் பிடிக்கிற மனுஷன், கட்டிக்கொண்டு வந்த என்னை ஒரு தடவை கேமராவில் பிடித்தது கிடையாது. செத்தவள் வருஷா வருஷம் சுவர் நிறைய வருகிறாள். உயிரோடு இருக்கிறவள் அடுப்படியில் சட்டி தேய்க்கிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வருஷம் மிளகுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ரயில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வீட்டில் அவளுக்குக் கடைசிச் சாயங்காலம். அந்தச் சாயங்காலத்தை நான் மனதுக்குள் எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. அவள் கொண்டுபோகிற துணிக்கெல்லாம் பொத்தான் சரிபார்த்து மடித்துக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், ஒருவேளை தூக்கம் வந்தால் என் மடியில் தலை வைப்பாள் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். அசடு.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மா வீடியோ போடலாம்ப்பா. அத்தையையும் வரச் சொல்லுங்க" என்றாள் மிளகு.

போயிற்றா? அந்தச் சாயங்காலமும் மூத்தவளுக்கே போயிற்று.

"ஆனா ஸ்கிரீன்தான் ரொம்ப மஞ்சளாயிடுச்சு. அம்மா முகம் பழைய பேப்பர் மாதிரி தெரியுது."

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கும் என்னென்னவோ நோவு உண்டு, ஆனால் அந்தத் திரை நிஜமாகவே மஞ்சள்தான். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே?" என்றேன், கொஞ்சம் அவசரமாக.

"அது அவ கையால தைச்சது" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீதான் கறை எடுக்கிறதுல கெட்டிக்காரி ஆச்சே. நீயே துவைச்சுக் குடேன்."

நான் லாண்டரியில் கறை எடுக்கிற மேஜையில் வேலை செய்கிறேன். சக்களத்தி தைத்த திரையை நான் வெளுத்துக் கொடுக்க வேண்டும், அதில் அவள் பளிச்சென்று வருவாள், எல்லாரும் உட்கார்ந்து கண் கலங்குவார்கள். நல்லா இருக்கிறதய்யா உங்கள் நியாயம்!

சரி என்றேன். மிளகு கேட்டுவிட்டாளே.

ஞாயிற்றுக்கிழமை காலை வாளியும் துணியுமாக ஆரம்பித்தேன். பின்பூச்சு உள்ள துணிக்கு எங்கள் மேஜையில் ஒரு சட்டம் உண்டு. முக்கக் கூடாது, கசக்கக் கூடாது, வெந்நீர் படவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு. மெத்தென்ற துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அதுவும் கீழேயிருந்து மேலே. மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கீழே கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களிடம் வாய் வலிக்க இதைத்தான் சொல்லுவேன்.

அப்படியேதான் செய்தேன். சமையல் புகை, ஜன்னல் வெயில், டீ ஆவி எல்லாம் சேர்ந்த மஞ்சள் அது. ஒற்ற ஒற்ற வந்தது. வாளித் தண்ணீர் டீத்தண்ணீர் ஆனது. கீழ்ப்பாதி வெளுத்ததைப் பார்த்தபோது, யார் திரையாக இருந்தால் என்ன, கை வேலை கை வேலைதானே என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

என் நாத்தனார் சாயங்காலம் வரச் சொன்னால் காலையிலேயே வருகிறவர். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் நீலம் போடேன்."

"இதுக்கு நீலம் போட்டா எல்லார் முகமும் நீலமாத் தெரியும் அண்ணி."

"என்னவோம்மா. அவ இருந்திருந்தா இதை இப்படி மஞ்சளாக விட்டிருக்கவே மாட்டா."

"அவங்க இருந்திருந்தா நான் ஏன் அண்ணி இங்க வந்து வாளியோட நிக்கப் போறேன்?"

"பாத்தியா, பாத்தியா, இதைத்தான் சொல்றது. அவ வாயைத் தொறந்து அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. மகராசி!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றினேன். திரையின் நடுவுக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

மஞ்சளுக்குள் இன்னொரு மங்கல். புகைக்கறை எங்கும் ஒரே மாதிரி படரும். வெயில் ஓரத்தைத் தின்னும். இது இரண்டும் இல்லை. திட்டுத் திட்டாக, இடுப்பு உயரத்தில் ஆரம்பித்து ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. கீழே இருந்தது சின்னது. மேலே போகப் போகப் பெரிது. கடைசித் திட்டு என் கன்னத்துக்கு நேராக வந்து நின்றது. விரலால் தடவிப் பார்த்தேன், லேசான பிசுபிசுப்பு. சட்டைக் கழுத்தில் பார்க்கிறோமே, அதே எண்ணெய். கை பட்ட கறை. ஒரு தடவை இரண்டு தடவை பட்டதில்லை, வருஷக்கணக்காக ஒரே ஆளின் கை பட்டது.

நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்த ஒவ்வொரு பிறந்தநாளும் மிளகு எழுந்து போய் இந்தத் திரையைத் தொட்டிருக்கிறாள். எட்டாத வயதில் அம்மாவின் மோவாயை, எட்டின வயதில் கன்னத்தை.

என் முகத்தை அவள் ஒரு தடவை தொட்டதில்லை. வாந்தி எடுத்த இரவுகளில் என் தோளைப் பிடித்திருக்கிறாள், ரோடு தாண்டும்போது கையைப் பிடித்திருக்கிறாள். முகத்தைத் தொட்டதில்லை. அது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. தெரிந்ததும் உச்சந்தலை வரைக்கும் ஏதோ ஒன்று ஏறியது. துணியைத் தொட்டிருக்கிறாள், வெறும் துணியை! ரத்தமும் சதையுமாக ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன்.

கைக்கறை வெதுவெதுப்புக்கு அசையாது. அதற்கு வெந்நீரும் சலவைச் சோடாவும்தான். இதுவும் எங்கள் மேஜைச் சட்டம்தான், பூச்சில்லாத துணிக்கு.

திரையைக் கழற்றினேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். சோடாவைக் கொட்டினேன்.

"என்னது, இதை முக்கலாமா?" என்றார் நாத்தனார்.

"கறை போகணும்ல அண்ணி" என்றேன். ஊருக்குத்தான் உபதேசம்.

முக்கினேன், கசக்கினேன். அந்தத் திட்டு இருந்த இடத்தை இரண்டு கைக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். கறை போயிற்று. கூடவே பின்பக்கத்துப் பூச்சும் வெயில் பட்ட தோல் மாதிரி உரிந்து, பொடிப் பொடியாகத் தண்ணீரில் மிதந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

கொடியில் காயப் போட்டபோது திரை பால் வெள்ளை. அப்படி ஒரு வெள்ளையை நான் லாண்டரியிலேகூடப் பார்த்ததில்லை. காற்றில் அது அசைந்தபோது, அந்தப் பக்கம் நின்ற நாத்தனாரின் மூக்குக் கண்ணாடி வரைக்கும் தெரிந்தது.

"ஐயையோ, கொசுவலை ஆக்கிட்டியேடி!" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பாத்திரத்துக்குள் கைவிட்டு ஒரு பூச்சுத் துணுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"வெந்நீர் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். துணுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ரப்பர்த் துணுக்குக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்.

மிளகு கடைக்குப் போயிருந்தவள் மத்தியானம் வந்தாள். கொடியில் இருந்த திரையைத் தொட்டுப் பார்த்தாள். நடுவில் ஒரு இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இங்க ஒரு அழுக்கு இருந்துச்சே சித்தி?"

"எடுத்துட்டேன்."

"ஓ" என்றாள். பிறகு, எப்போதும் போல மரியாதையாக, "ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க. படம் தெரியும்ல?" என்றாள்.

"தெரியும். வெளிச்சம் பின்னாலயும் போகும், அவ்வளவுதான்."

திட்டாத வீடும் ஒரு வீடா! நான் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாவம் பார்த்து அழவில்லை. கறையைக் கழுவிவிட்டேன், ஆனால் அவள் கை அந்த இடத்தை இன்னும் தேடுகிறதே என்ற எரிச்சலில்தான் அழுதேன். கொஞ்சம் பயத்திலும் அழுதேன். நாளைக் காலையில் ரயில் ஏறுகிறவள் இந்த 'ஓ'வைக் கையோடு கொண்டுபோய்விட்டால்?

சாயங்காலம் திரையை மாட்டும்போது அடுத்த கூத்து. கம்பை நுழைத்ததும் மேல் மடிப்பின் தையல் டர்ரென்று ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பிரிந்தது. சோடாவில் நூல் வெந்துபோயிருந்தது. குண்டூசி குத்திப் பார்த்தேன். மெலிந்த துணி, ஊசி குத்திய இடமெல்லாம் கிழிந்தது. இப்போது உட்கார்ந்து தைத்தால் பாதி ராத்திரி ஆகிவிடும், காலை ரயிலுக்கு மிளகு சீக்கிரம் படுக்க வேண்டும்.

"கம்பு மேல போட்டு யாராவது பிடிச்சுக்கிட்டா போதும்" என்றாள் மிளகு.

யார் பிடிப்பது? அவர் ப்ரொஜெக்டர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்; அது நினைத்தால் நின்றுபோகிற பழைய சாமான். நாத்தனாருக்கு முழங்கால் வலி. மிளகு பார்க்க வேண்டியவள். மிச்சம் நான்தான். வினை விதைத்தவள் வினை அறுக்கிறாள் என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார் நாத்தனார். நான் அலமாரிக்கும் திரைக்கும் நடுவே புகுந்தேன். துணியின் மேல் ஓரத்தைக் கம்பின் மேல் மடித்துப் போட்டு, இரண்டு கையையும் தூக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதுகில் அலமாரி இடித்தது. மூக்குக்கு முன்னால் துணி. விளக்கை அணைத்தார்கள்.

திரை வெளிச்சமானது. அவள் வந்தாள்.

இத்தனை கிட்டத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. நான் கழுத்தைப் பின்னால் இழுத்து அலமாரியில் தலையை முட்டிக்கொண்ட பிறகுதான் முகம் முகமாகத் தெரிந்தது. என்னைவிட அழகில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூக்கு கொஞ்சம் சப்பை. ஆனால் கண் பெரிது. இரண்டு விரலைத் தளர்த்தினால் போதும், கண்ணும் மூக்கும் எல்லாம் சரிந்து தரையில் விழும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் என் கையில் இருந்தாள்.

வயலின் வரவில்லை.

"அப்பா, மியூசிக் போடாத ஒரிஜினல் பழைய ஹார்டு டிஸ்க்ல கிடைச்சுது. அதைத்தான் போட்டிருக்கேன்" என்றாள் மிளகு.

"ஏய், ஏய், அது வேண்டாம், நிறுத்து..."

அவர் எழுந்த நாற்காலிச் சத்தம் கேட்டது. அதற்குள் மூத்தவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"எத்தனை வாட்டி சொல்றது உங்களுக்கு? பால் பொங்குது, பிள்ளை இடுப்புல கத்துது, நீங்க என்னடான்னா அந்தக் கேமராவைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க! கல்யாணப் பொண்ணுங்களையெல்லாம் பூ வச்சு, பட்டுக் கட்டி, 'இப்படித் திரும்பும்மா, அப்படிச் சிரிம்மா'ன்னு எடுக்கத் தெரியுதுல்ல? என்னை மட்டும் அழுக்குப் புடவையில அடுப்படியிலயா எடுக்கணும்? அங்க இளிக்கிற இளிப்புல பாதியை வீட்டுக்குக் கொண்டு வந்தா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மகராசி! பாத்திரக் கடையில் யானை புகுந்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தில் நாத்தனாரின் நாற்காலி கிரீச்சிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. இதே சண்டையை, இதே அடுப்படியில், கிட்டத்தட்ட இதே வார்த்தையில் நான் எத்தனை தடவை போட்டிருப்பேன்! இவளும் வயிறு எரிந்தவள்தானா? அடி பாவி, முன்னமே சொல்லக்கூடாதா?

"சித்தி, ஆட்டாதீங்க. அம்மா முகம் ஆடுது" என்றாள் மிளகு. அவள் குரலிலும் சிரிப்பு இருந்தது.

"அன்னைக்கு வாங்கின திட்டுதான்" என்று இருட்டில் முனகினார் என் வீட்டுக்காரர். "அதுக்கப்புறம் வீட்டு ஆளுங்க பக்கம் கேமராவைத் திருப்பவே பயம்."

அப்படியா சேதி? எனக்கு வர வேண்டிய படத்தையும் சேர்த்து இவள்தான் நிறுத்தியிருக்கிறாள். ஒரு நிமிஷம் இளகிய மனது மறுபடி கெட்டியானது. விரலைத் தளர்த்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்தது நிஜம்.

அப்போது திரையில், இடுப்பில் இருந்த பிள்ளை கையை நீட்டி அம்மாவின் கன்னத்தில் தட்டியது. தட்டியதும் அவள் பேச்சு பாதியில் நின்றது. பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. அவள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் காலடிச் சத்தம். திரையில் ஒரு நிழல் விழுந்து பெரிதானது. மிளகு எழுந்து வருகிறாள். இந்த இடத்தில்தான் வருஷா வருஷம் எழுந்து வந்திருக்கிறாள் என்று புரிந்தது. என் கைகள் கம்போடு இருக்கின்றன. பின்னால் அலமாரி. நகர இடமில்லை.

அவள் உள்ளங்கை திரையில் அவள் அம்மாவின் கன்னத்தில் படிந்தது. துணி உள்வாங்கியது. அந்தக் கை என் கன்னத்தில் வந்து நின்றது.

சூடான கை. நடுவில் இருந்தது நான் வெந்நீரில் போட்டு மெலிய வைத்த துணி மட்டும்தான்.

"சித்தி?" என்றாள் மெதுவாக.

"ம்."

"உங்க மூக்கு தட்டுது."

"இரு, திரும்பிக்கிறேன்."

"வேண்டாம்" என்றாள். கையை எடுக்கவில்லை. கட்டைவிரல் துணியின் மேல் என் கண் ஓரத்துக்கு வந்து, அங்கே இருந்த ஈரத்தைத் தடவியது. "அப்படியே இரு."

இருந்தேன். தோள்பட்டை இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன. அந்தக் கை அவள் அம்மாவுக்கா, எனக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுகிற பெண். பாதி உனக்கு, பாதி எனக்கு என்று மனதுக்குள்ளேயே மூத்தவளிடம் பேசி முடித்துக்கொண்டேன். அவள் வழக்கம் போலத் திருப்பிப் பேசவில்லை.

படம் முடிந்தது. திரை வெறும் வெளிச்சமானது. கன்னத்தில் இருந்த சூடு மெல்ல விலகியது.

"முடிஞ்சிடுச்சு. பாவம், கையை இறக்கச் சொல்லுடா அவளை" என்றார் நாத்தனார் தன் தம்பியிடம்.

நான் கையை இறக்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.